பீட்ரூட் எலும்பு

"நான் விழுந்தா எலும்பு உடையாது. தரைதான் உடையும்!" என்றார் உமாபதி. வயது எழுபத்தொன்று. உதடு, பல், பனியன் எல்லாம் பீட்ரூட் சிவப்பு.

ஷார்ஜா மார்க்கெட்டில் இறங்கும் பீட்ரூட்டில் பாதி, மகன் ரிஷியின் ஃப்ளாட்டுக்குத்தான் வந்துகொண்டிருந்தது. காய், கனிகளின் நிறமிகள் வயதானவர்களின் எலும்புக்கு நல்லது என்று உமாபதி பேப்பரில் படித்துவிட்டார். அன்றிலிருந்து கேரட், சிவப்புக்கீரை, கறுப்பு திராட்சை என்று அவர் தட்டு கோலப்பொடிக் கடைதான்.

"சாயம் பனியன்ல ஒட்டும். எலும்புல எப்படிங்க ஒட்டும்?" என்றாள் பிரபாவதி. கல்யாணமான நாற்பத்தைந்து வருடத்தில் கணவர் சொன்ன எதையும் அவள் நம்பியதில்லை.

"நீ முதல்ல ரசத்தைக் கவனி. ஒரு வாரமா பாக்கெட் மிளகுத்தூள்! ஊர்லேர்ந்து எட்டுக் கிலோ இடிகல்லைத் தூக்கிட்டு வந்தியே, அது எதுக்கு?"

"தரையில வச்சு இடிச்சா கல்லை ஊருக்கே பார்சல் பண்ணிடுவேன்னு போன மாசமே உங்க பிள்ளை சொல்லிட்டானே!"

"கீழ் வீட்டுக்காரர் கம்ப்ளெயின்ட் பண்றாரும்மா," என்ற ரிஷி அப்பாவிடம் திரும்பினான். "எலும்பு தேய்மானம்னு டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்குல்ல? ஒரு தடவை விழுந்தீங்கன்னா கார்னிஷ் வாக்கிங் கலாஸ்!"

உமாபதிக்குப் பகீரென்றது. மாலையில் கடலோரக் கார்னிஷ் பெஞ்சில் நண்பர் ஸ்ரீனிவாசனிடம் ஒரு மணி நேரம் அளக்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

இன்னும் ரெண்டு கரண்டி பீட்ரூட் போட்டுக்கொள்ளச் சமையலறைக்குள் போனார். பிரபாவதி போன வாரம் விரித்திருந்த புது மேட் வழுக்கியது.

தடால்! சத்தம் துபாய் வரை கேட்டிருக்கும்.

ரிஷி ஓடி வந்தான். உமாபதி தானே எழுந்து, கையை உதறி, ரெண்டு தோப்புக்கரணமும் போட்டுக் காட்டினார்.

"வித்தையெல்லாம் வேணாம்ப்பா. வாக்கிங் கலாஸ்."

தொங்கிய முகத்தோடு கீழே பார்த்தவர் அப்படியே நின்றார். மேட் விலகிய இடத்தில் டைல்ஸ் நாலாகப் பிளந்து கிடந்தது.

"பாருடா! சொன்னேனா இல்லையா?"

ரிஷிக்குத் திறந்த வாய் மூடவில்லை. "அம்மா, நீ பக்கத்துலதானே நின்னே? நிஜமாவே அப்பா விழுந்துதானா உடைஞ்சுது? அப்படின்னா அவர் தாராளமா வாக்கிங் போகட்டும்."

பிரபாவதி சிரிப்போடு மறுக்க வாயெடுத்தாள்.

உமாபதி மெல்லக் கேட்டார்: "ஏன் பிரபா, இன்னிக்காவது மிளகை இடிச்சு ரசம் வைப்பியா?"

பிரபாவதியின் சிரிப்பு நின்றது. ஒரு வாரமாகப் பழைய புடவையில் சுற்றி மேல் அலமாரியில் ஒளித்து வைத்திருந்த இடிகல்லை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"ஆமாண்டா, கண்ணால பார்த்தேன். அப்பா விழுந்துதான் உடைஞ்சுது!"