உதாரணம் ஒன்று

"கதவைச் சாத்தியாச்சும்மா. இனி யாரையும் விடறதுக்கில்லை."

தேர்வறைக் கண்காணிப்பாளர் கதவிடுக்கில் பாதி உடம்பை வைத்து மறித்துக்கொண்டு சொன்னார். வெளியே நின்றவளுக்கு மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரி கவுண்டரில் போடும் நீலக் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்திருந்தாள்.

"சார், கேள்வித்தாள் உறையையே நீங்க இன்னும் பிரிக்கலையே சார்!"

அவர் மேசையைத் திரும்பிப் பார்த்தார். உண்மைதான். முத்திரை கலையாமல் கிடந்தது உறை. அவர் குரல் கொஞ்சம் இறங்கியது.

"பிரிக்காத வரைக்கும் ஒரு வழி இருக்கு. பரீட்சை எழுதறவங்க யாரும் ஆட்சேபிக்கலைன்னா விடலாம். யாருக்காவது ஆட்சேபணை உண்டா?"

யாரும் வாய் திறக்கவில்லை. வெளியே நின்றவள் ஒரு காலை உள்ளே வைத்தாள்.

"எனக்கு இருக்கு சார்."

முன்வரிசையில் ஒருத்தி எழுந்து நின்றாள். அதே ஆஸ்பத்திரி, அதே கவுண்டர், வருஷக்கணக்கில் பக்கத்து நாற்காலி. இந்தப் பரீட்சை மேற்பார்வையாளர் பதவிக்கு; இடம் ஒன்றே ஒன்றுதான் காலி. எழுந்து நின்றவளுக்கு இந்தத் தடவையோடு வயது வரம்பும் முடிகிறது.

"அக்கா..." வாசலில் நின்றவளால் நம்ப முடியவில்லை. "நான் ஏன் லேட்டுன்னு நீங்களே சொல்லுங்கக்கா."

"எனக்கென்ன தெரியும்? நாங்கல்லாம் விடிஞ்சதும் விடியாததுமா வந்து உட்கார்ந்திருக்கோம். ஆளுக்கொரு நியாயமா?"

"விளையாடாதீங்கக்கா."

"விதின்னா விதிதான் சார். கதவைச் சாத்துங்க."

கண்காணிப்பாளர் வாசலில் நின்றவளைப் பார்த்தார். உள்ளே வைத்த கால் தானாகப் பின்வாங்கியது. கதவு மூடியது.

உறை பிரிந்தது. கேள்வி இதுதான்:

'போட்டி நிறைந்த உலகில் பிறருக்கு விட்டுக்கொடுப்பது பலமா, பலவீனமா? படிப்பவர் மனம் மாறும்படி வாதிடுக. நேரம்: ஒரு மணி.'

ஆட்சேபித்தவள் பலம் என்றே எழுத ஆரம்பித்தாள். பயிற்சி வகுப்பின் வரிசை கைக்கு மனப்பாடம். முதலில் நம் கட்சி. பிறகு காரணம். அப்புறம் எதிராளி சொல்லப்போவதை நாமே சொல்லி, நாமே மடக்குவது. பேனா பறந்தது.

உதாரணம் வந்ததும் நின்றது.

போன இரண்டு தடவையும் அவளைக் கவிழ்த்தது இந்த இடம்தான். "சொந்த அனுபவம் ஒண்ணு இல்லாத கட்டுரை உப்பில்லாத பண்டம்மா. நேரா குப்பைக்குத்தான்!" என்று தலையில் அடித்துக்கொள்வார் வகுப்பு வாத்தியார்.

மனசைத் துழாவினாள். யாருக்கும் எதையும் விட்டுக்கொடுத்ததாக ஞாபகம் வரவில்லை.

"இன்னும் பத்து நிமிஷம்தான்."

நிமிர்ந்தாள்.

கதவின் சின்னக் கண்ணாடி வழியே நீலம் தெரிந்தது. அவள் இன்னும் போகவில்லை. எதிர் பெஞ்சில், எங்கே போவது என்று தெரியாதவள் போல உட்கார்ந்திருந்தாள்.

பேனா அசைந்தது. அப்புறம் நிற்கவே இல்லை. முற்றுப்புள்ளி வைக்கவும் மணி அடிக்கவும் சரியாக இருந்தது.

தாளை வாங்கிய கண்காணிப்பாளரின் கண் கடைசிப் பத்தியில் தங்கியது.

'தேர்வன்று காலையில் கவுண்டர் வேலை என் முறை. நான் பதற்றமில்லாமல் எழுதட்டும் என்று அதை என் தோழி தானே கேட்டு வாங்கிக்கொண்டாள். அதனால்தான் அவளுக்குத் தாமதம். கதவை மூடிவிட்டார்கள். அறையே வாய்மூடி இருந்தது. அவளை உள்ளே விடும்படி எழுந்து நின்று வாதாடியவள், நான் ஒருத்திதான்.'