பத்து நாள் பெட் ரெஸ்ட்

"ஆடிட் முடியற வரைக்கும் ஒருத்தருக்கும் லீவ் கிடையாது. நானே எடுக்கலை" என்று மும்பை தாதர் ஆபீஸ் மேனேஜர் வெங்கடராமன் சொன்னதும் சாய்நாத்துக்கு வேறு வழி தெரியவில்லை.

இமயமலை ஏற்றத்துக்காக ஆறு மாதமாக மாட்டுங்காவில் விடிகாலை ஓடிப் பழகியிருந்தான். முதுகுவலி, பத்து நாள் பெட் ரெஸ்ட் என்று டாக்டர் சர்டிபிகேட் அனுப்பிவிட்டுக் கிளம்பினான்.

ஐந்தாம் நாள் பன்னிரண்டாயிரம் அடி உயரத்தில் உச்சியை எட்டினான். எதிரே பனிமலைகளைப் பார்த்ததும் கண் கலங்கியது. பக்கத்தில், வேறொரு குழுவோடு வந்திருந்தவர் குரங்குக் குல்லாயைக் கழற்றித் தலையைத் துடைத்தார்.

வெங்கடராமன்!

ஓட இடமில்லை. மூன்று பக்கமும் பள்ளம். வேலை போயிற்று என்றே நினைத்தான். ஆனால் அவர் முகம் அவன் முகத்தைவிட வெளுத்திருந்தது.

"முதுகு எப்படி இருக்கு சாய்நாத்?"

"படுத்துண்டேதான் சார் இருக்கேன். நீங்க எப்படி இங்கே?"

"அரே, நீ படுத்த அன்னிக்கே, பாலக்காட்ல மாமியாருக்கு சீரியஸ்னு ஹெட் ஆபீஸுக்கு மெயில் போட்டுட்டேன்."

"இப்போ எப்படி சார் இருக்கா?"

"அபாயக் கட்டத்தைத் தாண்டிட்டா."

"அப்போ ஆடிட்டை யார் சார் பாத்துக்கறா?"

"நம்ம ஸ்மிதாதான். தன் கல்யாணத்துக்கே ரெண்டு நாள்தான் லீவ் போட்ட பொண்ணு. ஆபீஸை விட்டு நகரமாட்டா."

கேமராவும் கையுமாகப் பின்னால் ஏறி வந்துகொண்டிருந்த ஒரு பெண், அந்தக் குரலைக் கேட்டதும் திடுக்கிட்டு நின்றாள். உச்சிக்கு இன்னும் நாலே அடிதான். சட்டென்று திரும்பி, வந்த வழியே வேகவேகமாக இறங்கத் தொடங்கினாள்.