வெள்ளைப் பக்கம்

பிலோமினாளுக்கு வாய் ஒருபக்கமாகக் கோணி மூன்று வாரமாகிவிட்டது. மெல்லச் சரியாகும் என்றுதான் டாக்டர் சொன்னார். ஆனால் கஞ்சி குடித்தால் பாதி வழிந்துவிடுகிறது. துண்டால் முகத்தை இறுகக் கட்டிக்கொண்டு, துறைமுகத்தில் யாரோடும் பேசாமல் மீன் தரம் பிரித்து வந்தாள்.

அன்று ஆழ்கடலுக்குப் போய்வந்த விசைப்படகு இறக்கிய கூடையில் ஒரு தட்டை மீன் கிடந்தது. ஒரு பக்கம் கண்ணே இல்லாத வெள்ளை. மறுபக்கம் சேற்று நிறம். அதில்தான் இரண்டு கண்களும் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. வாயும் ஒருபுறமாக இழுத்திருந்தது.

"இருநூறு பாகம் ஆழத்துக்குக் கீழ, சேத்துல படுத்துக் கெடக்கும்க்கா," என்றான் படகோட்டி சூசை மிக்கேல். "குஞ்சுல பக்கத்துக்கு ஒரு கண்ணு இருக்குமாம். வளர வளர ஒண்ணு மண்டையத் தாண்டி இந்தப் பக்கம் வந்துருமாம்."

அவள் அதன் வயிற்றை அமுக்கினாள். கோணல் வாய் வழியே ஒரு முழு இறால் வழுக்கி விழுந்தது. மீசைகூட ஒடியவில்லை.

தட்டை மீனை வெள்ளை மேலே தெரியத்தான் ஐஸில் அடுக்குவார்கள்; வாங்குகிறவர்களுக்கு அதுதான் பளிச்சென்று இருக்கும். அவளோ மீனின் கண்கள் இருக்கும் பக்கம் மேலே தெரிய வைத்தாள்.

"பொரட்டி வைங்கக்கா. இப்படி வச்சா எவன் வாங்குவான்?" என்றான் சூசை மிக்கேல்.

"கெடக்கட்டும்ல. அதுக்கு மொகம் இந்தப் பக்கம்லா இருக்கு."

மூன்று வாரமாகக் கேட்காத அவள் குரலைக் கேட்டு, ஏலத்துக்கு நின்ற கூட்டம் திரும்பிப் பார்த்தது. பிலோமினாள் கழுத்துக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய், துண்டை அவிழ்க்க முடிச்சைத் தேடினாள்.