வடக்குப் பக்க மரம்

கேபிள் எங்கள் மேடு வரை வராது. டவர் சிக்னல் வாசலோடு சரி. சாட்டிலைட் இணையமும் கிடைக்காவிட்டால், என் வேலைக்காக இந்த வீட்டை விற்றுவிட்டு நகரத்துக்குப் போயாக வேண்டும். மகள் வளர்ந்த வீடு. எனக்கு மனம் வரவில்லை.

டிஷ் பொருத்த வந்தவர் தோட்டத்தில் நின்று போன் கேமராவை வானத்தின் பக்கம் சுற்றினார். குறுக்கே எது இருந்தாலும் திரையில் சிவப்பாகத் தெரியும்.

"வடக்குப் பக்க மரத்தை வெட்டிட்டா போதும்க்கா. நெட் பிச்சுக்கிட்டுப் போகும்."

"எந்த மரம்? கண்ணாடியை மறந்துட்டு வந்துட்டீங்களா?" என்றார் என் கணவர்.

மகள் அந்த மரத்திலிருந்து விழுந்து இறந்த மறுவாரமே அதை அவர் வேரோடு எடுத்துவிட்டார். அங்கே வெறும் மண்தான்.

வந்தவர் நிமிர்ந்து பார்த்தார். வானம் காலியாக இருந்தது. "மெஷினுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சா?" என்று மறுபடி சுற்றினார். மறுபடியும் அதே சிவப்பு. தண்டு, கவடு, கிளைகள்.

கணவர் பிடித்திருந்த ஏணி கீழே விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

நான் போனை வாங்கிக்கொண்டேன். காற்றே இல்லை. மற்றக் கிளைகள் அசையவில்லை. அவள் உட்கார்ந்து காலாட்டும் தாழ்ந்த கிளை மட்டும் மெல்லத் தாழ்ந்து எழுந்துகொண்டிருந்தது.