நடந்த தூரம்

“ஐயோ, பல்லி! பல்லி!”

பேட்டி கொடுத்துக்கொண்டிருந்த விஞ்ஞானி சட்டென்று நாற்காலி மேல் ஏறி நின்றுவிட்டார்.

எதிரே இருந்த பெண் நிருபருக்குத் தன் கண்ணையே நம்ப முடியவில்லை. முப்பத்திரண்டு வருடமாகக் காடு மேடெல்லாம் அலைந்து, பாம்பு, தவளை, ஆமை, ஓணான் எது எது ஒரு நாளில் எவ்வளவு தூரம் நகர்கிறது என்று அளந்த மனிதர். அடுத்த மாதம் பெரிய விருது வாங்கப் போகிறவர். இரண்டு நிமிடம் முன்புகூட, “நாகப்பாம்பு ரொம்பக் கூச்ச சுபாவம்மா. நாமதான் அதுக்குக் கெட்ட பேரு வாங்கிக் குடுத்துட்டோம்” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பல்லியோ ஜன்னலோரச் சுவரில் சிவனே என்று ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் முதுகில் நீல மையில் ஒரு ‘7’.

“ஏம்மா, எங்க இருக்க? சீக்கிரம் வாயேன்!”

உள்ளறையில் கட்டில் கிறீச்சிட்டது. டக், டக் என்று கைத்தடிச் சத்தம். அவர் மனைவி வந்தார். ஓர் அடி, கொஞ்சம் நின்று, இன்னோர் அடி.

நிருபர் பதறி எழுந்தாள். “அம்மா, நீங்க இருங்க. நான் விரட்டறேன்.”

“வேணாம், வேணாம்! உங்களுக்குப் பழக்கமில்ல. அவதான் சரி!” நாற்காலி மேலிருந்து உத்தரவு வந்தது.

நிருபருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முடியாத மனுஷியை நடக்க விட்டுவிட்டு, இந்தப் பெரிய மனிதர் மேலே நின்று ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருக்கிறாரே! சாமியைக் கூப்பிடுகிறார் போல.

மனைவி கண்ணாடி போடாத கண்ணை இடுக்கிக்கொண்டு, கைத்தடியைச் சோபாவில் சாய்த்துவிட்டு, மூன்று எட்டு வைத்துச் சுவரை நெருங்கினார். ஒரு பிளாஸ்டிக் டப்பாவைச் சுவரோடு அமுக்கி, அடியில் அட்டையைச் சொருகினார். பல்லி உள்ளே.

“பாம்பைக் கையில புடிப்பாரு. பல்லின்னா இந்தக் கூத்து! டாக்டர் என்னமோ என்னை தினம் நடக்கச் சொல்றாரு. எனக்கு எங்கம்மா நேரம்? இவரைக் காப்பாத்தவே சரியா இருக்கு!” மூச்சு வாங்கினாலும் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “இந்தாங்க, உங்க எமன். கொண்டு போய் வெளியில விடுங்க.”

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டே டப்பாவை வாங்கிக்கொண்டு போனார்.

தெருமுனை தாண்டுவதற்குள் நிருபர் ஆசிரியருக்கு போன் போட்டுவிட்டாள். “சார், தலைப்பு ரெடி. ‘பல்லிக்குப் பயந்த பாம்பு விஞ்ஞானி!’”

“பிச்சுக்கிட்டுப் போகும்மா! நாளைக்கு அவரோட ஆராய்ச்சிக்கூடத்துலயும் நாலு படம் எடுத்துடு.”

மறுநாள் காலை அவள் அங்கே நுழைந்தபோது, வரிசையாகக் கண்ணாடிப் பெட்டிகள். பெட்டிக்கு ஒரு பல்லி. எல்லாவற்றின் முதுகிலும் நீல எண். நேற்றைய எமன் விஞ்ஞானியின் உள்ளங்கையில் சொகுசாக உட்கார்ந்து, அவர் ஊட்டிய புழுவைத் தின்றுகொண்டிருந்தது.

“சார்! இது நேத்து உங்க வீட்ல...”

கையும் பல்லியுமாக மாட்டிக்கொண்டவர் அசடு வழிந்தார். “டிபன் பாக்ஸ்ல போட்டு நான்தான் கொண்டு போவேன்.”

“அப்போ அந்த அலறல்?”

பதிலுக்கு மேசை மேலிருந்த நோட்டை அவள் பக்கம் தள்ளினார். தேதி, பல்லி எண், நடந்த தூரம். முதல் வரியில் நாலு அடி. அப்புறம் ஆறு, ஆறு, ஒன்பது. நேற்றைய தேதிக்கு முப்பத்தெட்டு. பக்கத்திலேயே சிவப்பு மையில், ‘கடைசி மூன்று அடி, தடி இல்லாமல்!’

“பல்லிக்கு எதுக்கு சார் தடி?”

“அது பல்லி நடந்த தூரம் இல்லம்மா.”

நிருபர் நிமிர்ந்து பார்த்தாள்.

“அவளுக்கு இடுப்பெலும்பு முறிஞ்சு ஆபரேஷன். அஞ்சு மாசம் கட்டிலை விட்டு எழுந்திருக்கவே இல்ல. கெஞ்சினேன், திட்டினேன், அழுதும் பார்த்தேன். இனிமே நான் யாருக்குப் பிரயோஜனம்னு சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்குவா. ஒரு நாள் நிஜமாவே பல்லி ஒண்ணு என் சட்டைக்குள்ள விழுந்துது. கத்திட்டேன். என்னாச்சோன்னு நாலு அடி எடுத்து வச்சு வந்துட்டாம்மா!”

நிருபர் நோட்டை மெல்ல மூடினாள். “சார், நான் இதைத்தான் எழுதப் போறேன். தலைப்பை மாத்திடறேன்.”

“என்ன தலைப்பு வச்சிருந்தீங்க?”

தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

“அட, பிரமாதம்! அதையே போடுங்க. உங்க பத்திரிகைய அவ ஒரு வரி விடாமப் படிப்பா. உண்மை தெரிஞ்சா நாளைக்கு நான் கத்தும்போது எழுந்து வருவாளா?”

“விருது வாங்கற நேரத்துல ஊரே சிரிக்கும் சார்.”

“சிரிக்கட்டும்மா. வாசலுக்கு இன்னும் பன்னிரண்டு அடி பாக்கி இருக்கு.”