ரயில் கரி

சுரண்டும் தகடு சுவரில் படும் முன்பே அவளுக்குப் பல் கூசியது.

"மேஸ்திரி, ஒரு நிமிஷம்," என்றாள் இன்ஜினியரம்மா.

தகடு நின்றது.

சித்தாளாக நின்ற அவள் தலையில் சாந்துச் சட்டி. கடுக்காயும் வெல்லமும் ஊறிப் புளித்த சுண்ணாம்புச் சாந்து. பழைய கட்டடத்துக்கு சிமெண்ட் ஆகாதாம். வெல்லத்துக்கு வந்த எறும்புகள் சட்டியின் விளிம்பில் ஏறி, அவள் காதோரம் இறங்கின.

தட்டிவிடத் தோன்றவில்லை.

இந்த வழியில் ரயில் நின்று எத்தனையோ காலம் ஆகிறது. அகலப் பாதை ஊருக்கு வெளியே போய்விட்டது. இனி இந்த நிலையத்துக்கு வண்டி வராது, ஆட்கள்தான் வருவார்கள். டிக்கெட் கொடுத்த அறையில் நூலகம். பார்சல் அறையில் பிள்ளைகள் படம் வரைவார்கள். பிளாட்பாரத்தில் சாயங்காலக் கச்சேரி. அவர்கள் நின்றுகொண்டிருந்த காத்திருப்பு அறை, காபிக் கடை.

மற்ற மூன்று சுவர்களும் முடிந்திருந்தன. முட்டை ஓடு போல் வெளுத்து, வழுவழுவென்று.

மிச்சம் இது ஒன்றுதான்.

தரையிலிருந்து கிளம்பி, ஜன்னல் ஓரமாக விரிந்து, உத்தரம் வரை ஏறியிருந்தது கரி.

இன்ஜினியரம்மா கிட்டே போய் முகர்ந்து பார்த்தாள். சின்னப் பெண். பட்டணத்திலிருந்து வந்தவள். பெரியவர்களிடம் பேசுவதுபோலச் சுவர்களிடம் நடந்துகொள்வாள். ஓர் ஆணி அடிக்கவும் நாலு தடவை யோசிப்பாள்.

"இது ரயில் கரியா இருந்தா தொட வேண்டாம் மேஸ்திரி. நீராவி இன்ஜின் காலத்துது. கண்ணாடி போட்டு, லைட் போட்டு அப்படியே வச்சிடலாம். வர்றவங்க பாக்கட்டும்."

"இல்லேன்னா?"

"நடுவுல கொஞ்ச வருஷம் வீடில்லாதவங்க இங்க குடியிருந்தாங்களாமே. அவங்க அடுப்புக் கரின்னா சுரண்டிடுங்க."

மேஸ்திரி சவரிமுத்து சிரித்தார். "கரியில என்னம்மா சாதி? எல்லாம் கையில ஒட்டத்தான் செய்யும்."

கரிக்கு நடுவே, ஜன்னலுக்குக் கீழே, ஓரிடத்தில் மட்டும் சுவர் வெளுப்பாக இருந்தது. ஓர் உள்ளங்கை அகலம். சிறிய உள்ளங்கை.

அவர்கள் அதைப் பார்க்கவில்லை.

அவள் வேறெதையும் பார்க்கவில்லை.

அவள் மகள் பவுனு அங்கேதான் கையை ஊன்றியிருந்தாள். ஸ்டவ்வுக்குப் பம்ப் அடிக்கத் தெரியும் என்று பிள்ளைக்கு ஒரே பெருமை. வேலைக்குப் போய் வரும் அம்மாவுக்கு டீ சூடாக இருக்க வேண்டும்.

ஸ்டவ் வெடித்தபோது அம்மா பிளாட்பாரக் குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தாள்.

பிறகு ஆஸ்பத்திரி.

பிறகு ஒன்றுமில்லை.

பிறகு ஒருநாள் மண் அள்ளும் இயந்திரம் வந்தது. குடியிருந்தவர்களை லாரியில் ஏற்றித் தொலைவில் ஒரு தகரக் கொட்டகையில் விட்டார்கள். பெட்டி, பாய், பிள்ளையின் பாவாடை எல்லாம் மண்ணோடு போயின. போட்டோ எடுத்து மாட்டும் வசதியில் அவர்கள் என்றுமே இருந்ததில்லை.

சுவர் மட்டும் இருந்தது.

இங்கே சித்தாள் வேலை என்று கேள்விப்பட்டதும் முதல் ஆளாய் வந்து நின்றாள். இங்கே குடியிருந்தவள் என்று சொல்லவில்லை. சொன்னால் உள்ளே விடமாட்டார்கள். என்ன வேலை ஏவினாலும் செய்தாள். இந்தச் சுவரின் முறை மட்டும் வராமலே இருக்காதா என்று கிடந்தாள்.

வந்துவிட்டது.

தகடு மறுபடி உயர்ந்தது.

"அது ரயில் கரிதாம்மா."

இருவரும் திரும்பினார்கள். தன் குரல்தான் என்று அவளுக்கே சற்றுப் பொறுத்துத்தான் தெரிந்தது.

"ஏத்தா, உனக்கு எப்படித் தெரியும்?" என்றார் சவரிமுத்து.

"எங்க மாமனாரு இங்கதாண்ணே மூட்டை தூக்குனாரு. இன்ஜின் இந்த ஜன்னலண்டதான் வந்து நிக்கும். புகை பூராவும் உள்ளுக்குத்தான் ஏறும்."

"ஒரு சட்டி சாந்து கேட்டா அரை நாளாக்குவா. கதை கேட்டா எப்படிக் கொட்டுது பாருங்க," என்றார் மேஸ்திரி.

மாமனாரை அவள் பார்த்ததே இல்லை.

இன்ஜினியரம்மாவின் முகம் மலர்ந்தது. "அப்ப இதை யாரும் தொடக் கூடாது. இன்னைக்கே சுத்திக் கயிறு கட்டிடுங்க."

தகடு வாளிக்குள் விழுந்தது. அவளுக்கு மூச்சு வந்தது.

இனி அது கண்ணாடிக்குள் இருக்கும். தூசு படாது. யார் கையும் படாது.

அவள் கையும் படாது.

"அக்கா, நீங்களும் பாத்திருக்கீங்களா? சின்ன வயசுல, அந்த இன்ஜினை?"

தலையாட்டினாள். முதல் பொய் அடுத்ததைக் கைபிடித்துக் கூட்டி வந்தது.

இன்ஜினியரம்மா ஃபோனை எடுத்தாள். "அப்ப ஒரு உதவி. அது எப்படிக் கத்தும்னு ஒரு தடவ கத்திக் காட்டுங்க. நெட்டுல இருக்கறதெல்லாம் வேற ஊரு இன்ஜின். இந்த ஊர்க்காரங்க வாயாலயே வரணும். பதிவு பண்ணி இந்த ரூம்ல ஓட விடலாம். காபி குடிக்க வர்ற பிள்ளைங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்."

"கத்துத்தா, வெக்கப்படாத," என்றார் சவரிமுத்து. "இனிமே நீதான் எங்க ஸ்டேஷன் மாஸ்டரு."

அவள் சட்டியை இறக்கி வைத்தாள்.

நீராவி இன்ஜின் கத்தி அவள் கேட்டதில்லை.

அந்தச் சுவரோரமிருந்து அவள் கேட்ட கத்தல் ஒன்றே ஒன்றுதான்.

ஃபோனில் சிவப்புப் புள்ளி மின்னியது.

வாயைத் திறந்தாள்.