மாமரத்தடிப் பானை

"அந்தக் கூட்டமா? தேவாலயத்துக்குப் பின்னாடி, தச்சுக் கொட்டகையில. குடியை விட்டவங்க வட்டமா உக்காந்து பேசுவாங்க. நானும் போனேன் தம்பி, ரெண்டு வாரம் தாங்குச்சு," என்று சிரிக்கிறான் ஒக்கிரோர். "டீயில சர்க்கரையை அள்ளிக் கொட்டுறாங்கப்பா!" சொரோட்டி ஊரின் மாலை வெயில் மாமர இலைகளைத் துளைத்துக் கேழ்வரகுக் கள் பானைமேல் விழுகிறது. சுற்றி அமர்ந்தவர்கள் ஆளுக்கொரு நீண்ட நாணல் குழலால் உறிஞ்சுகிறார்கள். வழி கேட்டு வந்த ஒப்பொலொட் உட்காரவில்லை. "என் பொண்டாட்டி அமூகே பிள்ளைங்களோட அவ அம்மா வீட்டுக்குப் போயிட்டா. நான் இந்தக் கூட்டத்துக்குப் போனாத்தான் திரும்பி வருவாளாம்." கள் விற்பவள் வழக்கப்படி பானையில் வெந்நீர் ஊற்றிக் கள்ளைப் பெருக்குகிறாள். புளித்த ஆவி எழுந்து ஒப்பொலொட்டின் முகத்தைத் தொடுகிறது. அவன் கண்களை மூடித் திறக்கிறான். அவனுடைய குழலையும் ஒக்கிரோர் வழக்கம்போல் பானையில் போட்டு வைத்திருக்கிறான். அது அவனுக்கென்று விட்டிருக்கும் காலி நாற்காலியை நோக்கிச் சாய்ந்திருக்கிறது. தேவாலயத்துப் பக்கமிருந்து நாற்காலிகள் இழுபடும் ஓசை கேட்கிறது. ஒப்பொலொட்டின் கை குழல்வரை போய்த் திரும்புகிறது. "அண்ணே," என்கிறான் மெதுவாக, "நான் போறதுக்குள்ள அந்தக் குழலை ஒடிச்சுப் போட்டுடுங்கண்ணே. என் கையால முடியலை."